பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் யாராவது விதி தவறினால் என்ன செய்வது?

நாலு பேர் புதிதாகக் கற்றுக்கொண்டு ஆடுகிறோம், தப்பு நடந்தால் சண்டைதான் வருகிறது என்கிறீர்கள். என் முதல் வருடத்துக் கதையைச் சொல்கிறேன்.

கிளப்பில் ஒரு மாலை. நான் டிக்ளேரர் (ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்துபவர்), 4 இஸ்பேட், அதாவது இஸ்பேட் துருப்பாக 10 ட்ரிக் (சுற்று) எடுக்க வேண்டும். லீட் செய்ய (முதல் சீட்டைப் போட) வேண்டியவர் என் இடப்பக்கத்துக்காரர். வலப்பக்கத்தில் இருந்த மாமா அவசரத்தில் ஹார்ட் ராஜாவைப் போட்டுவிட்டார். "பரவாயில்ல மாமா, எடுத்துக்கோங்க" என்றேன், பெரிய மனசோடு. அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய ஜோடி நேராக ஒரு ஹார்ட்டை இறக்கினார். ஒரு ட்ரிக்கில் தோற்றேன். பிறகு டைரக்டரிடம் (ஆட்டத்தின் நடுவர்) போனால், "கூப்பிடாம நீங்களே பேசி முடிச்சிட்டு இப்ப வர்றீங்களே!" என்றார்.

அன்று கூப்பிட்டிருந்தால் எனக்கு ஐந்து வழிகள் இருந்தன. அந்த லீடை ஏற்று, டம்மியை (மேசையில் விரித்து வைக்கும் என் ஜோடியின் சீட்டுகளை) பார்த்துவிட்டு நானே அடுத்த சீட்டைப் போடலாம். ஏற்று, என் கையை விரித்து நானே டம்மியாகலாம். ஏற்காவிட்டால், ஹார்ட்தான் போட வேண்டும் என்றோ ஹார்ட் போடக்கூடாது என்றோ மாமாவின் ஜோடிக்குச் சொல்லலாம். ராஜா கைக்குத் திரும்பும். அல்லது ராஜா மேசையிலேயே திறந்து கிடக்க, ஜோடி விரும்பியதைப் போடலாம். ஹார்ட்டைத் தடுத்திருந்தால் ஆட்டமே வேறு.

அடுத்தது ரிவோக், அதாவது டைமன் கையில் இருக்க டைமனுக்கு வேறு இனச் சீட்டைப் போடுவது. தப்பு செய்த அணி அடுத்த ட்ரிக்குக்குச் சீட்டுப் போடும் முன் தெரிந்தால் திருத்தியே ஆக வேண்டும். தப்பு செய்தவர் டிக்ளேரரை எதிர்த்து ஆடுபவர் என்றால், தப்பாகப் போட்ட சீட்டு மேசையில் திறந்தே கிடக்கும். முதல் வாய்ப்பிலேயே அதை ஆட வேண்டும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் கடைசியில்தான் கணக்கு. தப்பு செய்தவரே அந்த ட்ரிக்கை எடுத்திருந்தால் அது எதிரணிக்குப் போகும். அதற்குப் பிறகு அவர் அணி வென்றதில் இன்னொன்றும் சேர்ந்து போகும். அவர் எடுக்கவில்லை, ஆனால் ஜோடி அந்த ட்ரிக்கையோ, பிறகு இருவரில் யாராவது ஒன்றையோ எடுத்திருந்தால், ஒன்று மட்டும். அதற்கு முன்னால் வென்றதைத் தொட முடியாது. இதனால்தான் சந்தேகம் வந்தால் சீட்டைக் கலைக்காதீர்கள் என்கிறேன். கழுதை ஆட்டத்தில் போல கலைத்துப் போட்டால் யார் எதை மறைத்தார் என்று காட்ட முடியாது.

டம்மியாக இருப்பவர், ஆட்டம் முடியும்வரை நடந்த தப்பைச் சுட்டிக்காட்டக்கூடாது. ஆனால் டிக்ளேரரிடம் "டைமன் இல்லையா?" என்று கேட்கலாம். இதுவே பாதி ரிவோக்கைத் தடுத்துவிடும்.

ஏலத்தில் 1 இஸ்பேடுக்கு மேல், அதைவிடக் கீழான 1 ஹார்ட் என்று குறைத்துக் கேட்பது சின்ன விஷயம். அடுத்துக் கேட்க வேண்டிய எதிராளி விரும்பினால் ஏற்கலாம். இல்லையென்றால் 2 ஹார்ட் என உயர்த்திவிட்டு ஏலம் தொடரும். வேறு எதையாவது மாற்றினால் பெரும்பாலும் ஜோடி கடைசிவரை பாஸ்தான்.

இதெல்லாம் டூப்ளிகேட் (ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடும் போட்டி முறை) விதிகள். வீட்டில் ஒரே மேசையில் ஆடும் ரப்பர் முறைக்குச் சில இடங்களில் மாறும். உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் 2017 விதிப்புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது. ஒருவர் அதைக் கையில் வைத்திருங்கள். முதல் லீடை மட்டும் கவிழ்த்தே வையுங்கள். அந்த மாமா இப்போது கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.