எதிர்த்தரப்பை வாசித்தால் வெறுப்பு தணியுமா?

அன்புள்ள ஐயா,

நானும் என் மைத்துனரும் எதிரெதிர்க் கட்சி. குடும்ப வாட்ஸப் குழுவில் தொடங்கிய வாக்குவாதம் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு முற்றிவிட்டது. எதிர்த்தரப்பையும் கேட்டுப் பார்ப்போமே என்று அவர் கட்சியின் பக்கங்களைச் சில மாதங்களாக வாசிக்கிறேன். எரிச்சல்தான் ஏறியிருக்கிறது. என் மனம்தான் குறுகலா? பேசாமல் எல்லாக் கணக்குகளையும் மூடிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனத்தில் கோளாறு இல்லை. நீங்கள் செய்ததை 2017-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் பெய்ல் குழுவினர் காசு கொடுத்தே செய்துபார்த்தார்கள். இரு கட்சிகளின் ஆதரவாளர்கள் சிலருக்குத் தலைக்கு 11 டாலர். எதிர்த்தரப்புக் கருத்துகளை நாளுக்கு 24 முறை பகிரும் தானியங்கி ட்விட்டர் கணக்கு ஒன்றை அவர்கள் ஒரு மாதம் பின்தொடர வேண்டும். முடிவில் குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிடத் தீவிர வலதுசாரிகளாகியிருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

அந்தக் கணக்கு யார் யாருடைய பேச்சைப் பகிர்ந்தது என்று பாருங்கள்: அரசியல்வாதிகள், ஊடகங்கள், பிரசார அமைப்புகள். தம் ஆட்களிடம் கைதட்டு வாங்க எழுதுகிறவர்கள். அடுத்த அணிக்காரன் வாசித்தால் உறைக்காமல் என்ன செய்யும்? நீங்கள் வாசிப்பதும் அதே சரக்குதான். அதில் உங்கள் மைத்துனர் எங்கே இருக்கிறார்?

மூடிவிடுவது பற்றி. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தியவர்களிடம் அரசியல் பிளவு கொஞ்சம் தணிந்தது. நாட்டு நடப்பு அறிவும் சேர்ந்தே குறைந்தது. இனப்போர் கண்ட ஐரோப்பிய நாடான போஸ்னியாவில் நடந்ததோ நேர்மாறு. அங்கே 1995-இல் ஸ்ரெப்ரெனித்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் நினைவு நாளையொட்டி 2019 ஜூலையில் ஒரு வாரம் ஃபேஸ்புக்கை விட்டிருந்தவர்கள், விடாதவர்களைவிட மற்ற இனத்தவரைத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். தம் இனத்தார் மட்டும் சூழ வாழ்பவர்களிடம் இது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அத்தகைய ஊரில் வலைத்தளத்தை மூடினால் மிச்சமிருப்பது சொந்த இனத்தின் திண்ணைப் பேச்சுதான் என்பது என் ஊகம்.

உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. எதிர்த்தரப்புக்காரர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், அதுவும் சம்பந்தம் முறிக்க முடியாத உறவில். குழுவில் மட்டும் அவரோடு மோதாதீர்கள். பெரியப்பாவும் சித்தியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்று அவர் எழுத மாட்டார், நீங்களும்தான். தனியே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவர் தலைவரைப் பற்றிப் பேச்செடுக்காமல், அவர் மெச்சும் ஒரு திட்டத்தால் அவர் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சண்டையே வந்தாலும் வரட்டும், அது உங்கள் இருவருக்குள் இருக்கும்.

கட்சிப் பக்கங்களை இன்றே விட்டுவிடலாம். இரத்த அழுத்தம் தவிர அவற்றால் வேறு வரவில்லை. கணக்குகளை மூடியே தீருவதென்றால், முதலில் ஒரு நாளிதழுக்குச் சந்தா கட்டிவிட்டு மூடுங்கள்.