லோகோ எல்லாம் ஏன் மொட்டையாகுது?

கேள்வி: பெரிய கம்பெனி லோகோல இருந்த நிழல், பளபளப்பு எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே, இது ஃபேஷனா இல்ல சோம்பேறித்தனமா?

பதில்: ரெண்டும் கொஞ்சம் இருக்குங்க, ஆனா முக்கிய காரணம் உங்க கையில இருக்குற ஸ்கிரீன்தான். பிரவுசர் டேப்ல லோகோவுக்குக் கிடைக்கிறதே 16 பிக்சல் கட்டம் மாதிரி ஒரு துண்டு இடம், அதுல நிழல் போட்டா அழுக்கு ஒட்டுன மாதிரிதான் தெரியும். மாஸ்டர்கார்டு 2019ல பேரையே தூக்கிட்டு ரெண்டு வட்டத்தை மட்டும் வெச்சாங்க, அதுக்குப் பின்னாடி அரை நூற்றாண்டுப் பழக்கம் இருக்கு, நேத்து ஆரம்பிச்சவங்க அதைக் காப்பியடிச்சா யாருன்னே தெரியாது. ஆப்பிள்ல அந்தக் கடி எதுக்குன்னு நினைக்கிறீங்க? சின்னதாக்கினா செர்ரின்னு நினைச்சிடக் கூடாதுன்னுதான் டிசைனர் ராப் ஜானோஃப் 1977ல அப்படி வரைஞ்சார். உங்க லோகோவையும் கறுப்பு வெள்ளையில நகம் சைசுக்குச் சுருக்கிப் பாருங்க, கலர் சண்டையெல்லாம் அப்புறம் போடலாம்.