எந்த வேகத்தில் பார்ப்பது?

கேள்வி: ஓடிடி-யில் எந்தப் படமானாலும் 1.5 வேகத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். இரண்டரை மணி நேரப் படம் நூறே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கதை ஒன்றும் விட்டுப்போவதில்லை. பழைய படங்களின் இழுவையைத் தாங்க இதைவிட நல்ல வழி உண்டா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கதை விட்டுப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். படத்தில் கதை மட்டுமா இருக்கிறது?

முதலில் காதுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சென்று ஏற வேண்டும். அது ஏறாமலிருக்க, செயலி ஒலியைச் சில பத்து மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, நடுநடுவே கழித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறது. பேச்சு இதைத் தாங்கும். தாளவாத்தியம் தாங்காது. மிருதங்கத்தின் சாப்பு முனை மழுங்கும், சில இடங்களில் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். நிமிடத்துக்கு 90 தட்டு என்று இசையமைப்பாளர் வைத்த தாலாட்டு 135-க்குப் போய்க் குத்துப்பாட்டு நடையில் ஓடும். நகைச்சுவை நடிகர் பதில் சொல்வதற்கு முன் நிறுத்துகிற அந்த ஒன்றரை விநாடிதான் சிரிப்பே. அதை ஒரு விநாடியாக்கிவிட்டு, பழைய காமெடி எடுபடவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

2019-ல் நெட்ஃபிளிக்ஸ் இந்த வசதியைச் சோதித்தபோது ஜட் அப்பட்டோ, பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே வசதி வந்துவிட்டது. நான் இயக்குநர்கள் பக்கம். ஆனால் காது கேளாதோரும் பார்வையற்றோரும் இதை வரவேற்றார்கள். சப்டைட்டிலை நிதானமாகப் படிக்க 0.75 உண்மையிலேயே உதவுகிறது. அவர்களுக்காகவாவது அந்தப் பொத்தான் இருக்கட்டும். இழுக்கிற படத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிடலாம். விரட்டி விரட்டி முடித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

வேகம் என்று கேட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இதுவரை பார்த்த பழைய படங்கள் பலவும் சரியான வேகத்தில் உங்களிடம் வந்தவை அல்ல. ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 படம் (ஃபிரேம், அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிச் சட்டம்), 18, 20 என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்ததும் 24 என்று நிலைத்தது. பழைய சுருளை அப்படியே 24-ல் ஓட்டினால் எல்லோரும் துறுதுறுவென்று ஓடுகிறார்கள். அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று இன்றும் மேடையேறிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஓட்டியவன் செய்த கோளாறு.

நம் வீட்டுக்கே வாருங்கள். தூர்தர்ஷன் காலத்துத் தொலைக்காட்சி முறைக்கு நொடிக்கு 25 படம் தேவை. அந்த முறை இருந்த நாடுகளில் 24-ல் எடுத்ததை 25-ல் ஓட்டிவிடுவதே வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு அரைக்கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு மேலே ஏறிவிடும். சினிமா பாட்டை டிவியில் கேட்டு ஆர்மோனியத்தில் சுருதி தேடினால் எந்தக் கட்டையிலும் சேராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்றைய டிவி செய்யும் அநியாயம் இதைவிடப் பெரியது. இரண்டு படங்களுக்கு நடுவே, கேமரா எடுக்காத படங்களைத் தானே கற்பனை செய்து சொருகுகிறது. சாம்சங்கில் இதன் பெயர் பிக்சர் கிளாரிட்டி (பழைய மாடல்களில் ஆட்டோ மோஷன் பிளஸ்), எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃபுளோ. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் மெகா சீரியல் மாதிரித் தெரிவதற்கு இதுதான் காரணம்: பழைய வீடியோ கேமரா நொடிக்கு 50 முறை அசைவைப் பதிவு செய்தது, அந்த வழவழப்புக்குப் பழகிய கண் ‘இது சீரியல்’ என்று முடிவு கட்டிவிடுகிறது. வேகமாக வீசும் கையைச் சுற்றி மங்கலான வளையம் ஓடுவதையும், ஓடுகிறவர் காலடியில் தரை நெளிவதையும் கவனித்தால் பிடித்துவிடலாம். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள்.

அணைப்பது எளிது. பிக்சர் அமைப்புக்குள் எக்ஸ்பர்ட் அல்லது அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குப் போனால் அந்தப் பெயர் இருக்கும், ஆஃப் செய்யுங்கள். ஒரு தடவை செய்தால் போதாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும், ஒவ்வொரு பிக்சர் மோடுக்கும் டிவி தனித்தனியாக நினைவு வைத்திருக்கும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் முறை) படம் தொடங்கியதும் அது வேறு மோடுக்குத் தாவும், அங்கே பழையபடி ஆன் ஆகியிருக்கும். ஆகவே எச்டிஆர் படம் ஒன்றை ஓடவிட்டே மறுபடி ஒருமுறை அணையுங்கள். 2019-ல் அறிவிக்கப்பட்ட, படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு உங்கள் டிவியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். அணைத்த பிறகு, கேமரா மெல்ல நகரும் காட்சிகள் லேசாகத் தடுக்கித் தடுக்கிப் போகலாம். 24 படங்களை 60 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 60 முறை புதுப்பிப்பது) ஒன்றை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுவதால் வருவது அது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை என்று சமமாக நிற்கும். ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி வைத்திருப்பவர்கள் படத்தின் வேகத்துக்கேற்பத் திரையை மாற்றும் ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’ என்பதை ஆன் செய்துகொள்ளுங்கள்.

திரையின் மேலும் கீழும், அல்லது இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் காசு வீண் என்று கடிதம் எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் சண்டை. இன்றும் விடுவதாக இல்லை. 4:3 வடிவப் (அகலம் 4, உயரம் 3) பழைய படத்தை இன்றைய 16:9 திரைக்கு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. ஜூம் செய்தாலோ உயரத்தில் கால் பங்கு போய்விடும். பரதநாட்டியக் காட்சியில் பாதத்தை வெட்டியெறிந்துவிட்டு எதைப் பார்ப்பது? தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்றவற்றை ஜூம் செய்தால் இடம், வலம் சேர்த்துக் கால் பங்கு காணாமல் போகும், பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் ஆளோடு. வடிவத்தை ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எந்தப் பெயரில் இருந்தாலும், வெட்டாமல் இழுக்காமல் காட்டுவதில் வையுங்கள். அலைவரிசையே இழுத்து ஒளிபரப்பினால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வசனம் புரியாமல் போவதும் ‘இழுவை’ கணக்கில்தான் சேர்கிறது. புதிய படங்களில் 5.1 ஒலியின் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் கொண்ட அமைப்பு) நடு ஸ்பீக்கரில்தான் வசனம் இருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், அதுவும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ. செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1-ஐ விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக்குங்கள். பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு வசனத்தை உயர்த்திக் கொடுக்கும் ‘டயலாக் பூஸ்ட்’ உண்டு, பயன்படுத்தலாம். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வேறு வைத்தியம். அவற்றின் ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். டிவியின் ‘வெர்ச்சுவல் சரவுண்ட்’ அதில் இல்லாத எதிரொலியைச் சேர்த்து அடுக்குமொழி வசனத்தை ஒன்றோடொன்று குழப்பிவிடும். சவுண்ட் மோடை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கி, சரவுண்டை அணைத்து, பேஸை (அடித்தொனி ஒலியை) கொஞ்சம் குறையுங்கள்.