உலகமயமாக்கலைப் படிக்க விரும்பும் மகளும் தந்தையின் கவலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் சமூகவியலில் முதுகலை சேர்ந்து, உலகமயமாக்கலால் சமூகங்களில் விளையும் மாற்றங்களை ஆராய விரும்புவதாகவும், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்ற கவலை தங்களை வாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. ஆனாலும் அவர் எதைப் படிக்கப் போகிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை பற்றிய விடை அதற்குள்தான் இருக்கிறது.

2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சவாரில், ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் தைத்தவர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். எந்தெந்த நிறுவனங்களுக்காக அங்கே ஆடை தைக்கப்பட்டது என்பதை அறிய, இடிபாடுகளுக்குள் கிடந்த துணிகளின் லேபிள்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

தூண் ஏன் தாங்கவில்லை என்று பொறியாளர் கேட்பார். வங்கி ஊழியரால் வீட்டில் இருக்க முடிந்த நாளில் தையல் தொழிலாளியால் ஏன் முடியவில்லை என்று சமூகவியல் மாணவர் கேட்பார். அந்த ஒரு கேள்வி, சரக்கு அனுப்ப வேண்டிய கெடு, சம்பளம் பிடிக்கப்படும் என்ற அச்சம், சங்கம் இல்லாத நிலை, குறைந்த விலைக்கு விரைவாகக் கேட்கும் தொலைதூரச் சந்தை என்று நாடு கடந்து நீண்டுகொண்டே போகும். 1974இல் சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் உலகை, செல்வம் குவியும் மையம், மலிவான உழைப்பைத் தரும் விளிம்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட அரைவிளிம்பு என்று பகுத்துக் காட்டியதும், பிறர் வீட்டுக் குழந்தையை வளர்க்கக் கடல் கடந்து செல்லும் தாய் தன் குழந்தையை இன்னொருவரிடம் விட்டுச் செல்வதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 'பராமரிப்புச் சங்கிலி' என்று விளக்கியதும் இதே வழியில் கேட்டதன் பயனே. என் மதிப்பீட்டில், இந்தத் துறை தரும் பெரிய பயிற்சி இப்படிக் கேட்கப் பழகுவதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். 2017இல் பிரான்சும், 2021இல் ஜெர்மனியும், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருவோரிடத்தில் மனித உரிமை மீறல் உண்டா என்று கவனிக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கின. ஆகவே தொழிலாளர் நிலையைக் கள ஆய்வு செய்து அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. புலம்பெயர்வு ஆய்வு, தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு மையங்கள், இதழியல் ஆகியவையும் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கோட்பாடுகளை மட்டும் படித்து வெளிவருபவர் தடுமாறுவார். எனவே சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புள்ளியியல் தாள் இருக்கிறதா, மக்களிடையே சில வாரங்களாவது தங்கிச் செய்யும் கள ஆய்வு இருக்கிறதா, ஆய்வேட்டை வழிநடத்தும் பேராசிரியர் அண்மையில் களத்துக்குப் போனவர்தானா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். புள்ளியியல் இல்லையென்றால், அதைத் தனியாகக் கற்பதற்கான ஏற்பாட்டை முதல் பருவத்திலேயே செய்துவிடுங்கள்.