ஒருநாள் துப்புரவுக்குப் பதிலாக ஒரு பருவக் களப்பணி

கேள்வி: எங்கள் புள்ளியியல் துறையின் 40 மாணவர்கள் சென்ற பருவத்தில் பொது நூலகம் ஒன்றை ஒருநாள் சுத்தம் செய்தார்கள், படம் எடுத்தார்கள், அதோடு முடிந்தது. 15 வாரப் பருவத்தில் இதை உருப்படியாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. புள்ளியியல் படிப்பவர்களை ஒட்டடை அடிக்க வைத்ததுதான் கோளாறு. அந்த வேலைக்கு உங்கள் பாடம் தேவைப்படவில்லை. படிக்கும் பாடத்தைக் கொண்டே பிறருக்கு உதவி, அதிலிருந்து கற்பதுதான் சேவைவழிக் கற்றல். அதற்கு அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் சிக்மன் 1979இல் மூன்று நெறிகளை வகுத்தார். சேவை எது என்பதை அதைப் பெறுபவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. ஆகவே பருவம் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே நூலகரைப் பார்த்து, "எந்த முடிவெடுக்கத் தகவல் இல்லாமல் தவிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். திறப்பு நேரத்தை மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது: நூலகத்துக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்பார்கள். இப்போதைய நேரம் ஒத்துவராதவர் அங்கே வரவே மாட்டாரே! விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களில் பாதி நூலக வாசலிலும், பாதி பேருந்து நிறுத்தம், கடைத்தெரு போன்ற இடங்களிலும் கேட்கட்டும். கேள்விகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்துத் திருத்துங்கள். பதில் சொல்பவரின் சம்மதம் கேட்டாக வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

முதல் மூன்று வாரம் பயிற்சி. 4ஆம் வாரம் முதல் 13ஆம் வாரம் வரை வாரத்துக்கு 2 மணி நேரம், ஆளுக்கு 20 மணி நேரம் களத்திலும் தரவுப் பதிவிலும். 14இல் வரைவு அறிக்கை நூலகருக்கு, 15இல் திருத்தம். தேர்வு வாரம், விடுமுறை, ஒரே நேரத்தில் எத்தனை பேரை அவரால் சமாளிக்க முடியும், தரவு யாருக்குச் சொந்தம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். திட்டம் பாதியில் நிற்பதற்கு மாணவர் சோம்பலைவிட, கல்லூரி நாட்காட்டியை யாரும் நூலகருக்குச் சொல்லாததே பெரும்பாலும் காரணம்.

மதிப்பெண்ணை மணிக்கணக்குக்குத் தராதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுவார்கள். 30 மதிப்பெண் என்றால் அறிக்கைக்கு 15, வாரக் குறிப்புக்கு 10, நூலகர் முன் விளக்கிச் சொல்வதற்கு 5. வாரக் குறிப்பில் "அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் வரும். "யார் பதில் சொல்ல மறுத்தார்கள், ஏன்? அடுத்த வாரம் எதை மாற்றுவாய்?" என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் மாணவருக்கு மாலை முறையோ அதே அளவு தரவுப் பதிவோ கொடுங்கள்.

நேரம் மாறும் என்று பொதுமக்களிடம் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, முடிவு நூலகத்தினுடையது. நான்கு பக்க அறிக்கையோடு வினாத்தாளையும் தரவுக் கோப்பையும் ஒப்படையுங்கள். அடுத்த அணி அதே கேள்விகளோடு தொடங்கினால்தான் ஒப்பிட முடியும்.