பால் இறங்காத மாட்டுக்கு ஊசி எதற்கு?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு ஈன்ற 12-ஆம் நாள் கன்று இறந்துவிட்டது. அன்றிலிருந்து பாலை அடக்கிக்கொள்கிறது. காலையில் 6 லிட்டர் கறந்த மாடு, இப்போது ஒன்றேகால் லிட்டர்தான் தருகிறது. புதிதாகக் கறவை ஆள் வைத்து, மாட்டை மோட்டார் அறைப் பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறோம். தீவனக் கடைக்காரர் ஒரு குப்பி கொடுத்து, தினமும் கறக்கும்முன் ஊசி போடச் சொல்கிறார். எத்தனை மில்லி போடலாம்? — பொள்ளாச்சிப் பக்கத்து வாசகி

பதில்: அம்மா, நீங்களாக ஒரு சொட்டும் போடாதீர்கள். அந்தக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆக்ஸிடோசின். மாட்டின் மூளையே சுரக்கும் பொருள் அது. காம்பில் வாயோ கையோ பட்டதும் நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போகிறது. மூளையடிச் சுரப்பி ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து பால் நுண்ணறைகளைப் பிழிகிறது. ஓரிரு நிமிடத்தில் காம்பு புடைப்பது கறப்பவர் கைக்கே தெரியும். பசுவின் பாலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படிப் பிழிந்தால்தான் இறங்கும். உங்களுக்குக் கிடைக்கும் ஒன்றேகால் லிட்டர், பிழியாமலே வடிகிற மிச்சப் பங்கு.

கன்று போன துக்கத்தில் இடத்தையும் ஆளையும் ஏன் சேர்த்து மாற்றினீர்கள்? எனக்கு அதுதான் பெரிய கேள்வி. பழகாத இடத்தில் மூளை ஆக்ஸிடோசினை விடத் தயங்கும். மிரண்டால் அட்ரினலின் பெருகி, மடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். 1941-இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் மாட்டின் முதுகில் பூனையை ஏற்றியும், காகிதப் பைகளை வெடித்தும் பார்த்தார்கள். பால் இறங்குவது தடைப்பட்டது. உங்கள் மாட்டுக்கு இரண்டு வேளையும் மோட்டார் உறுமுகிறது.

வைக்கோல் அடைத்த தோல்கன்றுக்கும் அலைய வேண்டாம். ஒரே இடம், ஒரே கை, ஒரே நேரம்: நான் நம்புவது இதைத்தான். தீவனச் சட்டியை முன்னால் வைத்து, வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடம் காம்புகளைத் தடவிவிட்டு உடனே கறக்கத் தொடங்கி, ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதற்குமேல் மாட்டின் ஆக்ஸிடோசின் சுரப்பு நீடிக்காது. இப்படிப் பழகிய மாடு பால் குவளையின் ஓசை கேட்டதுமே காம்பில் சொட்டு விடுவதை எத்தனையோ தொழுவங்களில் பார்த்திருக்கிறேன். கறவை ஆள் கையில் கம்பு வைத்திருந்தால் அவரை நிறுத்திவிட்டு நீங்களே உட்காருங்கள்.

பெயர்ச்சீட்டில்லாத குப்பி விற்பவர் மாட்டு வைத்தியர் அல்லர். தினமும் ஊசி போட்டால் மாட்டின் சொந்தச் சுரப்புக்கு மடி மசியாமல் போகும். பிறகு ஊசியில்லாமல் கறக்கவே முடியாது. பால் பெருக்க மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. தேவையென்றால் கால்நடை மருத்துவரே சில நாள் போட்டு, அளவைக் குறைத்து நிறுத்துவார். மடியில் சூடோ கட்டியோ, பாலில் திரிதிரியாகவோ கண்டால் அது மடிநோய். அன்றே அவரிடம் காட்டுங்கள்.

தேங்கி நிற்கும் பால் நாளடைவில் சுரப்பையே வற்றவைக்கும். இன்று மாலைக் கறவைக்கு முன்பே மாட்டைப் பழைய இடத்தில் கட்டிவிடுங்கள்.