பசி டானிக்கா, ரத்தப் பரிசோதனையா?

கே: மூன்று வயது மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். மண்ணைத் தின்கிறான். வீட்டுக்காரர் வலைக்கு ஈயக் குண்டு உருக்குவது எங்கள் அடுப்படியில்தான். எந்தப் பசி டானிக் நல்லது?
– பாம்பன் வாசகி

ப: எதுவும் வேண்டாம்மா. பசி டானிக் விளம்பரங்கள்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு; பாதி குடித்த பாட்டில்கள் என் வீட்டு அலமாரியிலும் கிடக்கின்றன. பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காமலே விற்கிற சரக்கு அது. நீங்கள் சொல்வது வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம், ஈயமாகவும் இருக்கலாம். சோகை, எரிச்சல், கற்றதை மறப்பது எல்லாம் ஈயத்தாலும் வரும். பல பிள்ளைகளிடம் வெளியே எதுவும் தெரியாது, ரத்தம்தான் சொல்லும். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவரிடம் ஈயம் உருக்குவதை நீங்களாகவே சொல்லுங்கள். உருக்குவது இன்றே வீட்டைவிட்டு வெளியேறட்டும். வீட்டுக்காரர் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசி பறக்கும். விடாத வாந்தி, வலிப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கே: வெள்ளீயம் (டின்) என்று விலை கொடுத்து வாங்கிய ரசச் செம்பில் காரீயம் (நச்சு ஈயம்) கலந்திருப்பதாகச் சோதனைக்கூடம் சொல்கிறது. கடைக்காரர் சிரிக்கிறார்.
– ராமேஸ்வரம்

ப: சிரிக்கட்டும். பில்லையும் சோதனை அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். புளிரசம் ஈயத்தைக் கரைக்கும் என்பதால் அந்தச் செம்பில் இனி எதுவும் கொதிக்க வேண்டாம். பாதி விலைக்கு நான் வாங்கிய செம்பில் இப்போது சில்லறைதான் இருக்கிறது.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்பழகு கிரீமை நான் பூசுகிறேன். மகளின் உள்ளங்கை சிவந்து உரிகிறது. சம்பந்தம் உண்டா?
– கீழக்கரை

ப: இருக்கலாம். லேபிளில் கலோமல் (பாதரச உப்பு), மெர்குரி (பாதரசம்) என்று தேடுங்கள். லேபிளே இல்லாத டப்பாவை முகத்தில் பூச எப்படி மனசு வந்தது? பாதரசம் உங்கள் கையிலும் துண்டிலும் இருந்து மகளுக்குப் போகும். நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.

கே: திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ரயில். பெயின்ட் உதிர்கிறது, குழந்தை கடிக்கிறது. பில் இல்லை. மாற்றித் தருவார்களா?
– தொண்டி

ப: கடை இன்னும் அங்கேயா இருக்கிறது? பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். முதலில் அந்த ரயிலைக் குழந்தையிடமிருந்து பிடுங்குங்கள்.